அழுக்காகாத தண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கையில் வேலை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டே வாருங்கள். கதை கேட்கக் காது போதும். வெளுத்து வெளுத்தே ஓய்ந்துபோன ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

ஒரு தெருவில் ஒரு கடிகாரக்காரர் இருந்தார். கீழே கடை, மேலே இரண்டு அறை வீடு. பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு, பல்சக்கரத்தில் ஒட்டிய தூசியை ஊதித் தள்ளுவதுதான் அவர் பிழைப்பு. தூசிதான் கடிகாரத்துக்குச் சத்துரு என்று தொழில் அவருக்குப் பாடம் சொல்லியிருந்தது. வேதத்தை வாசிக்க உட்கார்ந்தபோதும் அந்தக் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார் போல. பரிசுத்தமாயிருங்கள் என்று கர்த்தர் சொன்னதை, தூசி படாமல் இருங்கள் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றுமுதல் வீட்டில் எல்லாமே வெள்ளை. சுவர், திரை, தலையணை உறை, உடுத்துகிற துணி எல்லாம். சனிக்கிழமை சாயங்காலம் முன்னறையில் ஜெபக்கூட்டம். வெள்ளை விரிப்பில் வெள்ளை உடுத்தியவர்கள் உட்கார்ந்தால், உப்பு மூட்டை கவிழ்ந்த மாதிரி இருக்கும்.

அத்தனையையும் வெளுப்பது யார்? அவர் வீட்டம்மாதான். ஊறவைத்து, அடித்து, அலசி, நீலம் போட்டுப் பிழிந்து பிழிந்து அவள் விரல் நுனிகள் எப்போதும் சுருங்கியே கிடந்தன. வருகிறவர்கள், ஐயா வீட்டில் பரிசுத்தம் கண்ணில் அடிக்கிறது என்பார்கள். கண்ணில் அடிப்பது நீலம் என்று அவள் நினைத்துக்கொள்வாள், வாய் திறக்கமாட்டாள். திறந்தால், இந்த வீட்டிலுள்ள முறுமுறுக்கிற ஆவியைத் துரத்தும் ஆண்டவரே என்று அன்றைக்கே ஒரு ஜெபம் ஏறும். அதற்கு அவளே ஆமென் சொல்லியாக வேண்டும்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை. மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக், தங்கலும் அங்கேயே. என்ன தேய்த்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. கடைசியாக வீட்டுக்கு வந்த அன்று செருப்பைக் கழற்றும்போது கால் தடுமாறி, முன்னறைச் சுவரில் கையை ஊன்றிவிட்டான். ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. தகப்பனார் ஏசவில்லை. பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து, பிள்ளை நின்றுகொண்டிருக்கும்போதே அந்த இடத்துக்கு வெள்ளையடித்தார். அம்மா டீயோடு வந்து பார்த்தபோது பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு அவன் படியேறவில்லை.

மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஊறும்போது அந்த ஐந்து விரலும் வெள்ளைக்குள்ளிருந்து மங்கலாக எட்டிப் பார்க்கும். வீட்டில் யாரும் இல்லாதபோது அவள் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நிற்பாள்.

அப்படி இருக்கையில், தூரதேசத்தில் வேலை கிடைத்திருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுகிறேன், வேலை முடிந்து நேரே வந்து முகம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று பிள்ளையிடமிருந்து போன் வந்தது. மறுபடி எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது.

அவள் தயங்கித் தயங்கி வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் தலை நிமிராமல் கேட்டார்.

"சனிக்கிழமையா? அன்னிக்குக் கால் கழுவுற ஆராதனை. குளிச்சிட்டு வெள்ளை உடுத்திட்டு வந்தா உள்ள வரட்டும்."

"ஒர்க்‌ஷாப்ல இருந்து நேரா வர்றான்ங்க. பஸ்ஸுக்கு நேரம் ஆயிடும்."

"அப்ப ஆண்டவர் கிருபையோட போயிட்டு வரட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. கூட்டம் நடக்கும்போது உலகத்தின் சத்தம் ஏறிவரக் கூடாதென்று, கீழே தெருக்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அன்றைக்கு மட்டும் மறப்பாரா?

இந்தக் கால் கழுவுதலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீஷர்களின் புழுதிக் காலைக் கழுவினாரே, அதை நினைத்துச் செய்வது. ஆனால் இவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? வெள்ளைத் துண்டு கறைபடக் கூடாதே என்று அவரவர் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, காலுறை மாட்டிக்கொண்டு வருவார்கள். கூட்டத்துக்கு வருகிற தையல்காரம்மா இந்தத் தடவை குதிகாலைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி வந்தாள். சுத்தமான காலைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, காய்ந்த துண்டால் ஒற்றி எடுப்பார்கள். வருஷா வருஷம் அந்தத் தண்ணீரைக் கொட்டுகிறவள் வீட்டம்மா. ஊற்றினபடியே தெளிவாக இருக்கும்.

சனிக்கிழமை வந்தது. பேசினில் தண்ணீர், துண்டு, பாட்டு எல்லாம் முறைப்படி. அவள் கடைசி வரிசையில், சுவரோரம். கடிகாரக்காரர் ஒவ்வொருவர் முன்னாலும் முழங்காலிட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்.

அப்போது கீழே கதவு தட்டுகிற சத்தம்.

அவள் படிப்பக்கம் பார்த்தாள். எழுந்தால் எல்லாரும் திரும்புவார்கள். எழாவிட்டால் பிள்ளை போய்விடுவான். இரண்டாம் தட்டல் மெதுவாகக் கேட்டது. தட்டலாமா வேண்டாமா என்று யோசித்துத் தட்டுகிற கை. கடிகாரக்காரர் கொஞ்சம் உரக்கப் பாடினார். எல்லாரும் உரக்கப் பாடினார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை, வெள்ளை முதுகுகள். பஞ்சு மூட்டைக்குள் முகத்தை அமுக்கிய மாதிரி அவளுக்கு மூச்சு முட்டியது. கை தானாகச் சுவரைத் தடவி, பிள்ளையின் கை பதிந்த இடத்துக்குப் போனது.

மூன்றாம் தட்டலுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

அவள் எழுந்தாள். வரிசைகளுக்கு நடுவே போய், வீட்டுக்காரர் கைக்குக் கீழிருந்த பேசினைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். துண்டைத் தோளில் போட்டாள். பாட்டு பாதியில் நின்றது.

"சாவியக் குடுங்க."

அவர் முழங்காலில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "ஆராதனை நடக்குது."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க. தண்ணிய பாருங்க, அழுக்கே ஆகலை."

தையல்காரம்மா தன் புண்குதிகாலைப் பார்த்துக்கொண்டு, "நேத்தே கழுவிட்டேனே நான்" என்று யாருக்கோ சொன்னாள். ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார்.

கடிகாரக்காரரும் பேசினுக்குள் பார்த்தார். பூதக்கண்ணாடி இல்லாமல் பார்த்தார். அடி தெரிந்தது, அவர் முகமும் தெரிந்தது. ஊசிமுனைத் திருகாணியைக்கூடச் சிந்தாமல் எடுக்கிற விரல், சட்டைப்பைக்குள் சாவியைப் பிடிக்கத் தெரியாமல் தடவியது. எடுத்து நீட்டினார்.

பிள்ளை தெருமுனை வரை போய்விட்டிருந்தான். கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பி, பையோடு ஓடிவந்தான்.

"அம்மா, என்னம்மா இது பேசினும் கையுமா?"

"உக்காருடா."

"பஸ் போயிடும்மா."

"போனா போகட்டும். கால நீட்டு."

கடைசிப் படியில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றிக் கழுவினாள். எண்ணெயும் புழுதியுமாகத் தண்ணீர் கறுத்தது. வெள்ளைத் துண்டால் அழுத்தித் துடைத்தாள், விரலிடுக்கு விடவில்லை. அவன் சின்னப் பிள்ளை மாதிரி, கூசுதும்மா என்று சிரித்தான்; சிரிக்கும்போதே அழுதான். மேல்படியில் தகப்பனார் வந்து நின்றார். இறங்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. பிள்ளை அண்ணாந்து பார்த்து, போயிட்டு வர்றேம்பா என்றான். அவர் தலையசைத்தார். அவன் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தான் என்றுதான் கேள்வி.

அந்தத் துண்டை அவள் எத்தனையோ தடவை வெளுத்தும் கறை போகவில்லை. அடுத்த சனிக்கிழமை அதையே மடித்து முன்னறையில் வைத்தாள். வீட்டுக்காரர் பார்த்தார், எடுக்கவில்லை. ஜெபத்தில் முறுமுறுக்கிற ஆவியும் வரவில்லை. அதற்காக மனுஷர் ஒரே நாளில் மாறிவிட்டார் என்று நான் புளுகமாட்டேன். வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது, வெளுப்பும் அவள் தலையில்தான். கீழ்க்கதவை அன்றைக்கும் பூட்டினார். ஆனால் சாவியைப் பைக்குள் போடவில்லை. பூட்டிலேயே விட்டுவிட்டு ஏறிவந்தார். படியேறுகிற காலடியோடு சாவி கிணுங்காததை அவள் கடைசி வரிசையில் இருந்தே கேட்டுக்கொண்டாள்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் பிள்ளைகள் எந்த வேலையின் அழுக்கோடு வந்தாலும், கால் நீட்ட ஒரு படியும், கழுவ ஒரு கையும் உங்கள் வீட்டில் குறையாதிருக்கட்டும். பூட்டுகிற கதவில் சாவி இருக்கட்டும். கர்த்தர் உங்கள் சுவரில் பதிந்த கைகளையெல்லாம் காத்துக்கொள்வாராக.