பார்த்துச் சொல்ல ஓர் ஆள்

மார்ச் 11, செவ்வாய்.
இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வயரிங் செய்த பலகையை யாரிடமும் காட்டாமலே, காட்டிவிட்டேன் என்று மாஸ்டரிடம் சொன்னேன்.

எழுதிவிட்டுப் பேனாவை வைத்தாள். மறுபடி எடுத்து, 'சின்ன' என்ற சொல்லை மட்டும் ஸ்கேல் வைத்து நேர்கோடாக அடித்தாள். அடிப்பதைக்கூடக் கோணலாக அடிக்க அவளுக்கு மனம் வராது. மாலை வகுப்பில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர் விழுந்ததே அதனால்தான்.

அந்த வயரிங் வகுப்பில் ஒரு விதி உண்டு. தன் வேலையைத் தானே சரிபார்த்து முடித்துக்கொள்ள முடியாது. பக்கத்து மேசை ஆள் ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்து 'சரி' சொன்ன பிறகுதான் மாஸ்டர் கரண்ட் கொடுப்பார். அவளுக்குப் பக்கத்து மேசை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் வேனக்கா.

இந்த விதி ஸ்கேலுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் அவள் தப்பாகப் போட்ட ஒரு கணக்கை மேலாளர் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருந்தார். அன்று வந்து அக்கா வீட்டின் பின்னறைக் கதவைச் சாத்தியவள், மாதக்கணக்கில் வெளியே தலைகாட்டவில்லை. அக்காதான் தரதரவென்று இழுக்காத குறையாக அவளை இந்த வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தாள். வந்தாள். ஆனால் தன் வேலையில் பிறர் கண் படுவதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பாடம், மாடிப்படி விளக்கு. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் அதே விளக்கு எரியவும் வேண்டும், அணையவும் வேண்டும். மாஸ்டர் அவள் பலகைக்குக் கரண்ட் கொடுத்தார். கீழே தட்டியதும் எரிந்தது. மேலே தட்டியதும் அணைந்தது. திரும்பக் கீழே தட்டினால், ஊஹூம். வகுப்பே எட்டிப் பார்த்தது.

"யாரும்மா இதைப் பார்த்து சரின்னு சொன்னது?" என்றார் மாஸ்டர்.

பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நான்தான் மாஸ்டர். காலையில இருந்து வண்டியில வானரங்களைக் கட்டி மேய்ச்சு கண்ணு பூத்துப் போச்சு. திட்டுறதை என்னைத் திட்டுங்க."

திட்டினார். வேனக்கா தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் அக்கா மறுநாள் வேலைக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் கிளாஸுக்குப் போகல."

"சரி."

"என்ன சரி? ஏன்னு கேட்க மாட்டியா?"

"நீயே சொல்லுவே. சொல்லலைன்னா உனக்குத் தூக்கம் வராது."

சொன்னாள். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்தம்மா உனக்கு என்ன, சித்தியா அத்தையா?"

"யாருமில்லை."

"யாருமில்லாதவங்க உனக்காகத் தலையைக் கொடுத்திருக்காங்க. நீ போகலைன்னா அவங்க வாங்கின திட்டு வீணாப் போயிடும்டி. போறதும் போகாததும் உன் இஷ்டம். ஆனா அந்தக் கதவை மட்டும் மறுபடி சாத்தாதே. வெளியில உட்கார்ந்து உன் செருப்பையே பார்த்துக்கிட்டு இருக்க எனக்குத் தெம்பு இல்லை."

அக்கா வெளியே உட்கார்ந்திருந்தாள் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

புதன்கிழமை மாலை, வகுப்பு தொடங்கியதும் எழுந்து நின்றாள்.

"மாஸ்டர், நேத்து வேனக்கா பார்க்கல. நான் காட்டவே இல்லை. பொய் சொன்னேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேனக்கா சடாரென்று திரும்பினார். "யாருப்பா அது சிரிக்கிறது? உன் பலகையில போன வாரம் புகையே வந்துச்சே, மறந்து போச்சா?"

இப்போது வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அலுவலகத்தில் கேட்ட சிரிப்பு வேறு, இது வேறு. மாஸ்டர் மீசைக்குள் சிரித்தபடி, "சொன்னவரைக்கும் சந்தோஷம். பலகையை எடும்மா" என்றார்.

அவள் பலகையைப் பக்கத்து மேசைக்குத் தள்ளினாள். "வேனக்கா, பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பி கம்பியாக விரலை ஓட்டினார். விரல் மேல் சுவிட்சில் நின்றது.

"லைட்டுக்குப் போற கம்பி நடுத் திருகுல இல்ல வரணும்? ஓரத்துல மாட்டியிருக்கே. நானும் முதல்ல இப்படித்தான் மாட்டித் தொலைச்சேன், பின் மேசைக்காரர் சொன்னார்."

அவ்வளவுதான். அவள் திரும்பத் திரும்பப் பார்த்தும் தப்பிய கம்பி அது. மாற்றி மாட்டினாள். மாஸ்டர் கரண்ட் கொடுத்தார். கீழே தட்டினாலும் எரிந்தது, அணைந்தது; மேலே தட்டினாலும் எரிந்தது, அணைந்தது. நெஞ்சு நிமிர்ந்தது.

"போதும் தாயி, பல்பு பயந்துடப் போகுது" என்றார் வேனக்கா. "இப்ப என்னுதைப் பாரு. தப்பு இருந்தா பட்டுனு சொல்லு, முகம் பார்க்காதே."

பார்த்தாள். ஒரு திருகு தளர்ந்திருந்தது. சொன்னாள். "பார்த்தியா, பார்த்தியா!" என்று வேனக்கா தானே பரிசு வாங்கியதுபோல் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் வீடு திரும்பியபோது அக்கா மாடிப்படியில் மேல்வீட்டு அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் காதில் வாங்கியதுதான் தாமதம், "கொஞ்சம் வழி விடுங்க, எங்க வீட்டு எலக்ட்ரீஷியன் வர்றாங்க!" என்று மூன்று மாடிக்கும் கேட்கச் சொன்னாள். "நாளைக்கு இந்தப் படிக்கு லைட் போடப் போறா."

முன்பானால் வெட்கத்தில் தலையைக் குனிந்திருப்பாள். இன்று குனியவில்லை. படியின் அடியிலிருந்து உச்சிவரை அளப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே ஏறினாள். பின்னறைக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

மார்ச் 12, புதன்.
நாளைய வேலை: மெயினை அணைத்துவிட்டு மாடிப்படிக்குக் கம்பி இழுக்க வேண்டும். விளக்குக்குப் போகும் கம்பி நடுத் திருகில். கரண்ட் கொடுக்கும் முன் வேனக்காவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.