ஷட்டர் திறப்பதற்கு முன்

இயற்பியல் துறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லென்ஸ் துடைப்பதில் அவளுக்கிருந்த பிடிவாதத்தைப் பார்த்து மாணவர்கள் 'கண்ணாடியக்கா' என்று வைத்தார்கள். துறைத்தலைவர் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. ஒளி ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருட டெக்னீஷியன்.

ஊழியர் குடியிருப்பில் அவளுக்கு நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. கணவரோ ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் பழுது பார்த்தவர். வேலையில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு ஐந்து மாதமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்கு வந்தால் கால் திரும்ப வாய்ப்புண்டு, ஒரு வருடம் போய்விட்டால் பிறகு வந்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாற்காலியோடு தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும். இதுவரை ஆறு முறைதான் ஆள் கிடைத்தது.

அந்த நேரத்தில்தான் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியானது. விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர்: அவளும், மூன்றாவது மாடியில் மூட்டு தேய்ந்த தாயை வைத்திருக்கும் நூலக உதவியாளரும். இருவருக்கும் சரிக்குச் சரி சர்வீஸ். ஒதுக்கீட்டுக் குழு மூன்று முறை கூடிக் கலைந்தது. யாருடைய பொல்லாப்பும் வேண்டாமென்று நினைத்த துறைத்தலைவர், குழுவின் தலைவரும் அவர்தான், ஒரு யோசனை சொன்னார். ஒளியே முடிவு செய்யட்டும்.

ஆய்வகத்தில் அதற்கான கருவி இருந்தது. லேசர் ஒளியைக் கறுப்புக் கண்ணாடிகளால் மங்கவைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒளித்துகள் வருமளவுக்குக் குறைப்பார்கள். அது பாதி வெள்ளி பூசிய கண்ணாடியில் படும். ஊடுருவினால் வலது டிடெக்டர் எண்ணும், திரும்பினால் இடது. ஒளியை உள்ளே விடும் ஷட்டருக்கு ஒரு பொத்தான், எண்ணிக்கையைப் பதியும் எண்ணிக்கு இன்னொன்று. எந்தப் பக்கம் போகும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. வலது அவளுக்கு, இடது நூலக உதவியாளருக்கு. முதலில் விழும் எண்ணிக்கை யார் பக்கமோ அவருக்கு வீடு.

'ஏன் இந்தப் பக்கம் போனது என்று கேட்காதே, அங்கே ஏன் என்பதே கிடையாது' என்று வகுப்பில் அடித்துச் சொல்பவர் துறைத்தலைவர். அவளுக்கு அது தொண்டையில் இறங்கியதே இல்லை. மாலை வகுப்பெடுக்க வந்த ஒரு விரிவுரையாளர் வேறொரு விளக்கம் சொல்லியிருந்தார். துகளோடு ஓர் அலை வருகிறது. அலை இரண்டு வழியிலும் போகிறது, துகள் ஒன்றில்தான் போகிறது. அலைக்குள் அது எந்த இடத்திலிருந்து கிளம்பியதோ அதைப் பொறுத்து வழி அப்போதே முடிவாகிவிடுகிறது. அந்த இடம் நமக்குத் தெரியாததால் தற்செயல் என்கிறோம். பின்வரிசையில் நின்றபடியே அவள் அதை எழுதிக்கொண்டாள். டீ குடிக்கும்போது துறைத்தலைவரிடம் கேட்டதற்கு, சீட்டாட்டத்தில் தோற்றவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது என்று சிரித்தார்.

காலை பதினொரு மணிக்குக் குழு ஆய்வகத்தில் கூடியது. விண்ணப்பதாரர் கருவியைத் தொடக்கூடாதென்று அவளைச் சுவரோரம் நிற்கவைத்தார்கள். அதுவும் நியாயம்தான் என்று நின்றாள். கருவியில் எட்டு வருடமாகக் கை வைக்காத துறைத்தலைவர் ஒரு சின்ன உரை நிகழ்த்திவிட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். திரையில் இடப்பக்கம் ஒன்று என்று விழுந்தது. கைதட்டினார்கள். நூலக உதவியாளர் அவள் முகத்தைப் பார்க்காமல் கைகூப்பினார். அங்கேயே சாவி கைமாறியது.

எல்லோரும் போன பிறகு, பழக்கதோஷத்தில், அந்தச் சோதனை ஓட்டத்தைப் பதிவேட்டில் எழுத உட்கார்ந்தாள். நேரங்கள் திரையில் இருந்தன. எண்ணிக்கை விழுந்தது, எண்ணி தொடங்கி நூறில் இரண்டு பங்கு விநாடியில். ஷட்டர் திறந்தது ஒன்றரை விநாடியில். மூன்று முறை பார்த்தாள். தான்தான் தப்பாகப் படிக்கிறோமோ என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான்காவது முறையும் பார்த்தாள்.

ஒளி உள்ளே வரவே இல்லை.

இடது டிடெக்டரின் குளிர்விசிறி மாசக்கணக்கில் ஓடவில்லை. சூடேறினால் அது இருட்டிலும் தானாக எண்ணும். அதனால்தான் அவள் எப்போதும் ஷட்டரை முதலில் திறந்து, துகள்கள் விடாமல் வரத் தொடங்கிய பிறகே எண்ணியைத் தொடங்குவாள். அப்போது இருட்டு எண்ணிக்கை ஆயிரத்தில் ஒன்றாகக் கரைந்துபோகும். துறைத்தலைவர் எண்ணியை முதலில் அழுத்திவிட்டார். அந்த வரிசையில் அழுத்தினால் பத்துக்கு ஒன்பது தடவை இடதுதான் வரும்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். அவர் அந்தப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். தப்பு அவருக்குப் புரிந்துவிட்டதென்று அவள் கண்டுகொண்டாள், ஏனென்றால் அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"சரி, ஒளி இல்ல, சூடு. அதுவும் தற்செயல்தானே அக்கா? நமக்கு வேண்டியது அதுதான்."

"தற்செயல் இல்ல சார். விசிறி ஓடல. மாத்தணும்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன். மூணுலயும் உங்க கையெழுத்து இருக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சாவி கொடுத்தாகிவிட்டது, நூலக உதவியாளரின் அம்மாவை இன்றைக்கே இறக்குகிறார்கள், இனி கிளறினால் குழுவுக்கே அசிங்கம் என்றார். பிறகு, கோபமே இல்லாமல், சிரித்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாத்துக்கும் முன்னாடியே ஒரு காரணம் இருக்கும்னு சொல்றவங்க நீங்கதானே? அப்ப இதுவும் முன்னாடியே முடிவானதுன்னு எடுத்துக்கங்க."

அவள் பதிவேட்டை மூடினாள். விசிறிக்கு நான்காவது கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

படியேறும்போது மூன்றாவது மாடியில் நூலக உதவியாளர் வீட்டுப் பெட்டிகள் வழியை அடைத்துக் கிடந்தன. பக்கவாட்டில் திரும்பி ஏறினாள்.

கணவரிடம் எதையும் மறைக்கவில்லை. மெக்கானிக்கானதால் அவர் சுருக்கமாகக் கேட்டார்: எதை முதலில் அழுத்தினார், விசிறி எத்தனை நாளாக நின்றது, வரிசையை எழுதி ஒட்டியிருந்தாயா. கடைசிக் கேள்விக்கு அவள் இல்லையென்று தலையசைத்தாள். ஒட்ட வேண்டுமென்று பல தடவை நினைத்ததுண்டு.

"அப்ப காரணம் தெளிவாத் தெரிஞ்சுபோச்சு," என்றார் அவர். "அதப் புடிச்சுக்கிட்டு நான் நாலு மாடி இறங்கலாமா?"

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். பாதியிலேயே குரல் மாறிவிட்டது.

அவள் கைபேசியை எடுத்து, நாளைக்கும் பயிற்சிக்கு வர முடியாதென்று சொல்ல மருத்துவமனை எண்ணை அழுத்தினாள்.