கைதட்டினால் சம்மதம்

சோடாவை அடேரோ வாங்கவே இல்லை. கூட்டத்துக்குப் போட்ட பந்தலுக்குள் வரிசையாக ஆரஞ்சு சோடாவும் ரொட்டியும் கொடுத்துக்கொண்டு வந்தவன் அவள் முன்னால் நின்று, "பிடிங்கக்கா, சும்மாதான்," என்றான். "சும்மா குடுக்கறதுதான் பயமா இருக்கு. அடுத்த ஆளைப் பாரு," என்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது, தொண்டை வறண்டு கிடந்தது. ஆனாலும் வாங்கவில்லை. அவ்வளவு வயிற்றெரிச்சல் அவளுக்கு.

அது போன வருடத்து வயிற்றெரிச்சல். ஐஸ் ஃபேக்டரி கட்டப்போகிறோம், உங்கள் கருத்தைக் கேட்க வந்திருக்கிறோம் என்று கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்துக்காரர்கள் ஏரிக்கரையில் இதே மாதிரி பந்தல் போட்டார்கள். ஒருத்தர் இங்கிலீஷில் என்னமோ பேசினார். கடைசியில் கரைத் தலைவர் ஒபுரா எழுந்து, "தூரத்திலேர்ந்து வந்திருக்காங்க, ஒரு கை தட்டுங்க!" என்றார். விருந்தாளிக்குக் கை தட்டாமல் இருக்கிற வழக்கம் இந்தக் கரையில் கிடையாது. அடேரோவும் கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். 'மக்கள் கரவொலி எழுப்பி ஒருமனதாகச் சம்மதித்தனர்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். படகு இழுத்துப் போடுகிற மணல் போயிற்று, வேலி வந்தது, ஐஸ் ஃபேக்டரி இன்றுவரை வரவில்லை. மரியாதைக்குத் தட்டின கையைக் காட்டியே மண்ணைப் பிடுங்கினவர்களை என்னவென்று சொல்வது?

இந்த முறை அவர்கள் கண், மீன் பொரிக்கும் கொட்டகை மேல். அங்கே ஓட்டல் வரப்போகிறதாம். அந்தக் கொட்டகையின் மூலை அடுப்பில்தான் அடேரோ ஜிலேபி மீன் பொரித்து விற்கிறாள். புருஷனை ஏரி கொண்டுபோன பிறகு பிள்ளைகள் வளர்ந்தது அந்த எண்ணெய்ச் சட்டியால்தான். அது போனால் நடுத்தெரு. அதனால் விடிந்ததுமே அடுப்பு அடுப்பாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்: "யாரு என்ன சொன்னாலும் கையைத் தொடைக்கடியில வச்சுக்குங்கடி. விருந்தாளிக்குத் தட்டாதீங்க, ஜெபத்துக்குத் தட்டாதீங்க. கொசுவைக்கூட அடிக்காதீங்க!"

கவுண்டியிலிருந்து வந்த அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இங்கிலீஷில் கடகடவென்று படித்தார். படித்தார், படித்தார், படித்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் ஒபுரா எழுந்து அத்தனையையும் கரைக்காரர்கள் பேசும் லுவோ மொழியில் ஒரே வரியாகச் சுருக்கினார். "நமக்கு நல்லது நடக்கப்போவுதுன்னு சொல்றாரு. கை தட்டுங்க!"

ஒரு கையும் தொடைக்கடியிலிருந்து வெளியே வரவில்லை. பந்தல் துணி மட்டும் காற்றில் படபடத்தது.

"என்ன, கையெல்லாம் அடகு வச்சுட்டீங்களா?" என்றார் ஒபுரா. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தாள், அவ்வளவுதான்.

அடேரோ எழுந்தாள். "அவரு அவ்வளவு நேரம் படிச்சதை நீங்க அரை வரியில சொல்லிட்டீங்க தலைவரே. அதுல எங்க கொட்டகை எங்க இருக்கு? எங்க பாஷையில முழுசாச் சொல்லுங்க. அப்புறம் எங்களைக் கேளுங்க."

அதிகாரி எல்லோருக்கும் புரிகிற பொதுமொழியான சுவாஹிலிக்கு மாறினார். "கேக்கத்தானேம்மா வந்திருக்கோம்."

"கேக்கறதுன்னா பதில் சொல்ல விடணும் சார். எங்களைக் கேக்காம எதையும் முடிவு பண்ணக்கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு."

"அப்படியா? எந்தப் பிரிவு?"

"நம்பர் எனக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்சு வச்சுக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

இப்போது சிரிப்பு பலமாகவே வந்தது. ஒபுராவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "புருஷன் இல்லாத பொம்பளை சபையில இந்தப் பேச்சுப் பேசலாமா? உக்காரு!"

"புருஷன் இருக்கறவதான் பேசணும்னு அந்தச் சட்டத்துல எழுதியிருந்தா காட்டுங்க, உக்காந்துடறேன்."

அதிகாரி லேசுப்பட்ட ஆளில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி, கை தட்ட வேண்டாம். எதிர்ப்பு இருக்கறவங்க கையைத் தூக்குங்க," என்றார்.

இதை அடேரோ யோசித்திருக்கவில்லை. கையை ஒளிக்கத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள், தூக்கச் சொல்லித் தரவில்லை. தூக்கினால் முகம் தெரிந்துபோகும். யாருக்கு எந்த அடுப்பு என்று முடிவு செய்கிறவர் ஒபுரா. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். பார்த்த பக்கமெல்லாம் தலை குனிந்தது. அடேரோ கையைத் தூக்கினாள். தனியாக நிற்பது அவமானமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவோமோ என்று பயந்தாள்.

அதிகாரி விரலை நீட்டினார். "ஒண்ணு. மத்தவங்களுக்கெல்லாம் சம்மதம். எழுதிக்கலாமா?"

"எண்ணி முடிக்கலையே சார்," என்று இன்னொரு கையையும் தூக்கினாள் அடேரோ.

ஒபுரா இடி மாதிரி சிரித்தார். "ஒரு ஆளுக்கு ஒரு கைதாம்மா கணக்கு!"

"அப்போ அந்த இன்னொரு கை என்னுது."

நியாகோவாவின் குரல். பக்கத்து அடுப்புக்காரி. விறகுச் சண்டையில் அடேரோவோடு முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டிருந்தவள். தோளில் ஒன்றும் மடியில் ஒன்றுமாகத் தூங்குகிற இரட்டைப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். "என் ரெண்டு கையும் பிள்ளைங்க மேல இருக்கு. எனக்கும் சேர்த்துத்தான் அவ தூக்கியிருக்கா. எண்ணுங்க சார்."

அதிகாரி நீட்டின விரல் அந்தரத்திலேயே நின்றது. அடேரோவுக்குப் பின்னால் மணலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் மொத்தமாக. எழுந்து போகிறார்களா, எழுந்து நிற்கிறார்களா, தெரியவில்லை. அவள் திரும்பவில்லை. தோள் கடுக்கக் கடுக்க இரண்டு கைகளையும் இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.