அழித்த கோடு

நல்லையாவுக்கு அன்று உலகத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு தூக்கம்தான். ரங்கூன் ஸ்டேஷனில் ரயில் பெட்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவன் வேலை. கூட்டாளி கருப்பையா காய்ச்சலில் விழுந்துவிட்டதால், இரவு முறையோடு அவனுடைய காலை முறையையும் சேர்த்துப் பார்த்தாயிற்று. படுத்தவன் பேரிலேயே கூட்டாளி வேலை செய்வது அங்கே வழக்கம். மேஸ்திரி கண்டுகொள்ள மாட்டார்.

வீடு இருக்கும் தின்கன்ஜூன் வரும்வரை கும்பகர்ணனாகிவிடுவது என்று மதிய வண்டியில் ஏறிக் கண்ணை மூடினான். பலகைகள் முனகின, ஜன்னல்கள் கடகடத்தன, தண்டவாள இணைப்புகள் டடக் டடக் என்று தாலாட்டின. அதோடு சேராத ஒரு சத்தம் அடியிலிருந்து வந்தது. டொக். டொக். வண்டி வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுத்தது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு டொக். சக்கரத்தின் இரும்புப் பட்டை தளர்ந்தால்தான் அப்படிக் கேட்கும். பட்டை கழன்றால் பெட்டி கவிழும்.

வந்த தூக்கம் போன இடம் தெரியவில்லை. காலையில் இதே வண்டியைப் பார்த்தவன் அவன்தான். தட்டிப் பார்த்து, கணீரென்றால்தான் சீமைச் சுண்ணாம்பால் கோடு போட வேண்டும். சுத்தியலையும் சுண்ணாம்பையும் கை மாற்றி மாற்றி எடுக்கச் சோம்பி, முதலில் வரிசையாகக் கோடு போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது தட்டினான். கடைசிச் சக்கரத்துக்கு வருமுன் விசில் ஊதிவிட்டது. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாதே!

வழியில் பஜுண்டாங் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் இறங்கி, பையிலிருந்த சுத்தியலால் அந்தக் கடைசிச் சக்கரத்தைத் தட்டினான். கீறல் விட்ட பானைபோல் சத்தம் செத்து விழுந்தது. மேலே அவனுடைய கோடு வெள்ளைவெளேரென்று இருந்தது. இன்னொரு தப்பு நடந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று மேஸ்திரி போன மாதம்தான் சொல்லியிருந்தார். வீட்டில் மனைவி சொர்ணம்மாள் நிறைமாதக்காரி. கோடு இல்லாவிட்டால் தான் போட்டதென்று யாரும் சொல்ல முடியாது. தோள் துண்டை எடுத்துக் கோட்டை அழித்துவிட்டான்.

பிறகுதான் வண்டியின் கார்டு அப்துல் ரவூபைக் கூப்பிட்டான்.

"பாய், ஊதாதீங்க! பட்டை ஆடுது. பெட்டியக் கழட்டணும்."

ரவூப் குனிந்து பார்த்தார். "அல்லா காப்பாத்துனான்! நல்லவேளை நீ இருந்த. ஆமா, கோட்டையே காணமே? காலை முறை யாரு, கருப்பையாவா? பாவம், அவன் சீட்டுக் கிழிஞ்சுது."

தன் தலை தப்பினால் போதும் என்று நினைத்த நல்லையாவுக்கு, பதிவேட்டில் இருப்பது யார் பெயர் என்பது நினைவிலேயே இல்லை. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

பையைத் துழாவிச் சுண்ணாம்பை எடுத்தான். அழித்த இடத்திலேயே மறுபடி கோடு போட்டான். கோடு கோணியது.

"கருப்பையா காய்ச்சல்ல கெடக்கான், பாய். இது நான் போட்ட கோடு. தட்டாமப் போட்டேன். இப்ப அழிச்சதும் நான்தான். என் பேர எழுதிக்கோங்க."

ரவூப் நோட்டை எடுத்து அவன் பேரை எழுதினார்.

பெட்டியைக் கழற்றினார்கள். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு மற்றப் பெட்டிகளில் நெருக்கியடித்து ஏறினார்கள். "எந்தத் தூங்குமூஞ்சி பார்த்த வேலையோ!" என்று ஒருவர் எரிந்து விழுந்தார்.

உட்கார இடமில்லை. நல்லையா கம்பியைப் பிடித்து நின்றபடி, கண் மூடாமல், தின்கன்ஜூன் வரும்வரை சக்கரங்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனான்.