உமியும் மெழுகு மணலும்

சாம்பாரில் உப்புப் போதுமா என்று நரேஷ் கேட்டான். "ஓம்" என்றாள் சியாமளா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

திருச்சியில் பிறந்து வளர்ந்தவள். அவன் அறிந்த நாளிலிருந்து 'ஆமா'தான் சொல்லிவந்தாள். அந்த 'ஓம்' எங்கிருந்து வந்தது என்று நரேஷுக்கு உடனே தெரிந்துவிட்டது. அதன் பிறகு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அது கிறிஸ்தோப்பரின் 'ஓம்'. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரோடு ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே படித்துக் கால்நடை மருத்துவரானவர் அவர். சியாமளா வேலை பார்த்த பல்கலைக்கழக ஆய்வில் நரிகள் அவர் பொறுப்பு. நரியின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழு மனிதருக்கும் தொற்றும். காட்டு நரிகள் ஊர்த் தோட்டங்களுக்குள் எவ்வளவு தூரம் வருகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அரசு அனுமதியோடு நரியை உயிரோடு பிடித்து, கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி, திரும்ப விட்டுவிடுவார்கள். 2005 குளிர்காலம் முழுக்க வாரத்தில் மூன்று நாலு நாள் சியாமளா ஓடன்வால்ட் காட்டில் கிறிஸ்தோப்பரோடுதான் இருந்தாள்.

நரேஷ் வால்டோர்ஃபில் மென்பொருள் எழுதினான். கண்ணாடிச் சுவரும் காபி மெஷினும் உள்ள அலுவலகம். சாயங்காலம் வீடு வந்தால் சியாமளா கன்னம் சிவக்க, பூட்ஸில் சேறோடு வந்து நிற்பாள். கிறிஸ்தோப்பர் இப்படிச் சொன்னார், கிறிஸ்தோப்பர் அப்படிச் சிரிக்கவைத்தார் என்று கதை கதையாக வரும். அவன் சிரித்துக்கொண்டே கேட்பான். பிறகு பாத்திரம் கழுவும்போது ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். அவர் கையுறையை இவளுக்கு ஏன் கொடுத்தார்? இவள் பிளாஸ்கிலிருந்த இஞ்சி டீயை அவர் எந்த மூடியில் குடித்தார்?

டிசம்பரில் அவர்கள் வேலை படுத்துவிட்டது. பொறி என்பது இரண்டு பக்கமும் திறந்த ஒரு நீளமான மரப்பெட்டி. நடுவில் ஒரு மிதிபலகை. நரி மிதித்ததும் அது ஒரு விரற்கடை இறங்கும், இரு கதவும் விழும். ஆனால் நரி லேசில் மரத்தை மிதிக்காது. அதனால் பெட்டியைத் தரைமட்டத்துக்குக் குழிதோண்டி இறக்கி, பலகையின் அடியிலும் மேலும் மண்ணைப் பரப்பி, காட்டுத் தரை போலவே ஆக்கிவைப்பார்கள். மழை பெய்து ஈரம் ஏறி, மறுநாள் குளிர் இறங்கினால் அந்த மண் கல்லாகிவிடும். நரி அதன் மேல் நடந்து இரையைத் தின்றுவிட்டுப் போகும். பலகை அசையாது.

என்ன மண்ணைப் போடுவது என்பதுதான் அந்த வீட்டில் அப்போது பேச்சு. சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் பீட் மண் ஈரத்தைக் குடித்துக் கட்டியானது. மரத்தூளில் புது வாசனை. காய்ந்த இலை கால் பட்டால் சத்தம் போட்டது. உப்புக் கலந்தால் மான்கள் நக்க வந்தன. கடைசியில் கிறிஸ்தோப்பர் ஒரு மாவுமில்லில் சொல்லிவைத்து, இங்கே தலையணைக்குள் அடைப்பார்களே, அந்த டிங்கெல் கோதுமையின் உமியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார். உமி தண்ணீரைப் பிடித்து வைக்காது, ஒன்றோடொன்று ஒட்டாது, அதனால் உறையாது என்பது அவர் கட்சி. அதைச் சொல்லும்போது சியாமளாவின் முகம் பளிச்சென்று இருந்தது.

"உமி காத்துல பறந்துடாதா?" என்று கேட்டான் நரேஷ்.

பறக்கலாம், பார்ப்போம் என்றாள் அவள்.

அன்றிலிருந்து நரேஷ் இணையத்தில் கனடாக்காரர்களின் பக்கங்களில் விழுந்து கிடந்தான். தோலுக்காக விலங்கு பிடிப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய இரும்புப் பொறி இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டது. ஆனால் பொறியைச் சுற்றிப் போடும் மண்ணை அவர்கள் நனையாமல் காக்கும் வித்தைக்குத் தடை இல்லை. காய்ந்த மணலைச் சலித்து, சூடாக்கி, மெழுகைச் சீவிப் போட்டுக் கிளறினால் ஒவ்வொரு மணல் துகளிலும் மெழுகு பூசிவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் தாமரை இலை மேல் நிற்பதுபோல் உருண்டு ஓடும்.

வால்டோர்ஃபைச் சுற்றி மணலுக்குப் பஞ்சமில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து மலிவாகக் கிடந்த வாசனையில்லாத வெள்ளை மெழுகுவத்திகளை அள்ளிவந்தான். சமையலறை ஓவனில் மணல் வறுபட்டது. சியாமளா முதலில் திட்டினாள், பிறகு ஆர்வம் தாங்காமல் தானும் கரண்டி பிடித்தாள். ஆறிய மணலில் அவள் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினாள். அது முத்துமுத்தாக நின்றது. அவள் கைதட்டிச் சிரித்தபோது, வெகுநாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு தனக்கே தனக்கு என்று நரேஷுக்கு இருந்தது.

மறுநாளே அவள் கிறிஸ்தோப்பரிடம் சொல்லிவிட்டாள். அவரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். பாதிப் பெட்டிகளில் உமி, பாதியில் மெழுகு மணல். எது நிற்கிறதென்று பார்த்து எழுதிவிடலாம் என்றார். நரேஷ் சனிக்கிழமைகளில் தானும் காட்டுக்கு வருவதாகச் சொன்னான். மணலை யாருக்கும் சரியாகப் பரப்பத் தெரியாது என்று காரணம் சொன்னான்.

போய்ப் பார்த்ததில் அவனுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. கிறிஸ்தோப்பர் உயரமாக, நரைக்கத் தொடங்கிய தாடியோடு, யாரிடமும் குரல் உயர்த்தாதவராக இருந்தார். அவரும் சியாமளாவும் பேசிக்கொள்ளாமலே வேலை செய்தார்கள். அவர் கையை நீட்டினால் அவள் சுத்தியலை வைத்தாள். அவள் குனிந்தால் அவர் விளக்கைப் பிடித்தார். தப்பாக எதுவுமே நடக்கவில்லை. அதுதான் நரேஷைக் குடைந்தது. தப்பு நடந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜனவரியில் ஒரு வாரம் உமிப் பெட்டி ஒன்றில் நரி விழுந்தது. அடுத்த வாரம் இன்னொன்று, அதுவும் உமியில். மணல் பெட்டிகள் வாய் பிளந்து சும்மா கிடந்தன. "நரேஷ், பொறுத்திருங்கோ, உங்கட மணலுக்கும் ஒருநாள் வரும்" என்றார் கிறிஸ்தோப்பர். ஆறுதலாகத்தான் சொன்னார். நரேஷுக்கு அது முதுகில் தட்டிக் கொடுத்ததுபோல் எரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சியாமளாவும் கிறிஸ்தோப்பரும் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள், நரேஷ் மத்தியானம் தலைவலி என்று சொல்லி அலுவலகத்திலிருந்து கிளம்பினான். வீட்டில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு நேராகக் காட்டுக்கு ஓட்டினான். முந்தின நாள் லேசாகப் பனி பெய்திருந்தது. ஒவ்வொரு உமிப் பெட்டியாக மண்டியிட்டு, கையை உள்ளே நீட்டி, பலகையின் ஓரமாக ஊற்றினான். தரை ஏற்கெனவே உறைந்திருந்ததால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் குழியிலேயே தங்கியது. உமி தண்ணீரைப் பிடிக்காது. ஆனால் குழி பிடித்துக்கொள்ளும். அந்த யோசனை தனக்கு வந்ததில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. காருக்குத் திரும்பி, காலிப் பாட்டில்களை டிக்கியில் போட்டு மூடினான்.

பொறிகளில் கதவு விழுந்தால் தகவல் அனுப்பும் கருவி உண்டு, சனிக்கிழமை விடிந்ததும் அதிலிருந்து சியாமளாவின் கைபேசிக்குச் செய்தி வந்தது. மணல் பெட்டி. அவள் அவனை உலுக்கி எழுப்பினாள், கன்னத்தில் முத்தம்கூடக் கொடுத்தாள். வழியெல்லாம் அவள்தான் பேசினாள்.

காட்டில் அவர்கள்தான் முதலில் வந்து சேர்ந்தார்கள். போகிற வழியில் ஓர் உமிப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவள் ஒதுங்கினாள். நரேஷ் பின்னாலேயே போனான். பெட்டியின் முன்னால் அவள் நின்றுவிட்டாள்.

பனியில் காலணித் தடம். காட்டு பூட்ஸ் இல்லை, அலுவலகத்துக்குப் போட்டுப்போகும் வழுவழு அடி. பெட்டியருகே இரண்டு முழங்கால் பள்ளம். தடம் பார்ப்பது அவள் தொழில். அவள் குனிந்து பலகையை அழுத்தினாள், அது அசையவில்லை. உமியை விலக்கினாள். அடியில் தெளிந்த பனிக்கட்டி.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பக்கத்து இளமரத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்து, தடங்களைப் பெருக்கினாள். தூரத்தில் கிறிஸ்தோப்பரின் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மணல் பெட்டிக்குள் ஒரு பெண் நரி. கிறிஸ்தோப்பர் மயக்க ஊசி போட்டு, அது தூங்கியதும் வெளியே எடுத்துப் போர்வையில் கிடத்தினார். சியாமளா பட்டையைக் கட்டினாள். நரேஷ் இதற்கு ஏங்கித்தான் அத்தனை நாள் மணல் வறுத்தான். கிறிஸ்தோப்பர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, கட்டுரையில் அவன் பெயரையும் போடவேண்டும் என்றார். அந்தக் கையை உருவிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது நரேஷுக்கு.

நரி விழித்து, தள்ளாடி, மரங்களுக்குள் போவதற்குள் புதுப் பனி விழுந்து தரையிலிருந்த தடங்களை மூடிவிட்டது, கிறிஸ்தோப்பர் மற்ற பெட்டிகளைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தவர் முகம் தொங்கியிருந்தது. உமிப் பெட்டி எல்லாமே உறைந்துபோயின, தான் நினைத்தது பிழை, உமி இந்தக் குளிருக்கு உதவாது என்று அறிக்கையில் எழுதிவிடலாம் என்றார். யார்மீதும் சந்தேகப்படவில்லை. தன்மீது மட்டும்தான்.

சியாமளா நரேஷின் பக்கத்தில் வந்து நின்றாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள் மெல்ல.

நரேஷ் கிறிஸ்தோப்பரின் பக்கம் திரும்பினான். "உமி மேல தப்பு இல்ல டாக்டர். நேத்து நான் வந்து தண்ணி ஊத்தினேன்."

கிறிஸ்தோப்பருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எந்தெந்தப் பெட்டி என்று கேட்டார். எல்லாம் என்றான். அவர் கையுறையைக் கழற்றினார்.

"பலகை அரைகுறையா இறங்கிக் கதவு பாதியில நிண்டிருந்தால், நரி தலையை விட்டிருக்கும். கழுத்து முறிஞ்சிருக்கும். அதை யோசிச்சனீங்களோ?"

நரேஷ் யோசிக்கவில்லை. நரி என்ற ஒன்று அவன் நினைப்பிலேயே இருக்கவில்லை.

"ஏன் செய்தனீங்கள்?"

"உங்களப் பத்திப் பேசுறப்ப இவ முகம் மாறுது. எனக்குத் தாங்கல."

கிறிஸ்தோப்பர் சியாமளாவின் பக்கம் திரும்பவே இல்லை. "அதுக்கு மறுமொழி சொல்ல வேண்டியது நான் இல்லை" என்றார். "ஆனால் நீங்கள் இனிக் காட்டுக்கு வரவேண்டாம்."

திரும்பும்போது சியாமளா ஓட்டினாள். ஹைடெல்பெர்க் தாண்டியதும், தடத்தை ஏன் அழித்தாய் என்று அவன்தான் கேட்டான். அவர் கண்டுபிடித்து நீ தலைகுனிவதைவிட, நீயே சொல்ல ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என்றுதான் என்றாள் அவள். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே என்றாள்.

பிறகு சிக்னலில் நின்றபோது சொன்னாள்: "என் முகம் மாறுதுன்னா அது வேலைனால. அங்க நான் யாரோட வொய்ஃபும் இல்ல, எனக்குத் தெரிஞ்சதச் செய்யுறேன். அந்த சந்தோஷத்தக் கொண்டுபோய் அவர் கணக்குல எழுதிட்டியே, நரேஷ்."

அவள் சொன்னதை அவன் நம்பினான். நம்பியும் பொறாமை போகவில்லை. இப்போது கிறிஸ்தோப்பரோடு சேர்த்து அந்தக் காட்டின் மேலும் பொறாமையாக இருந்தது.

அடுத்த வாரங்களில் வீடு அமைதியாக இருந்தது. சோதனையை முதலிலிருந்து தொடங்கினார்கள். மணல் தீர்ந்துவிட்டது, இன்னும் வேண்டும் என்று கிறிஸ்தோப்பர் சொன்னதாகச் சியாமளா சொன்னாள். முடியாது என்று சொல்ல நரேஷுக்கு வாய் வரை வந்தது. மணலைச் சலித்தான், வறுத்தான், மெழுகைச் சீவினான், வாளிகளில் நிரப்பி அவள் காரில் ஏற்றினான். சனிக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்கள் இப்போது எந்தப் பெட்டியருகே இருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரியில் சியாமளா காய்ச்சலில் விழுந்தாள். நாளெல்லாம் மழை, அன்றிரவே கடும் குளிர் என்று வானொலி சொன்னது. மத்தியானம் கிறிஸ்தோப்பர் நரேஷுக்கே போன் செய்தார். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. "பெட்டியெல்லாத்துக்கும் புதுசாப் போடவேணும். எனக்குத் தனிய ஏலாது. வரேலுமோ?"

நரேஷ் போனான். இருட்டுவதற்குள் இருவரும் ஒவ்வொரு பெட்டியாக நனைந்ததைத் தோண்டியெடுத்து, புதிதாகப் பரப்பினார்கள். மேட்டுப் பெட்டிகளில் உமி காற்றில் பறந்து பலகை தெரிந்தது. வெயில் விழும் சரிவில் மெழுகு மணல் இளகிக் கட்டிதட்டியிருந்தது. இனி மேட்டுக்கு மணல், நிழலான பள்ளத்துக்கு உமி என்றார் கிறிஸ்தோப்பர். வெயில் சரிவுக்கு என்ன என்று நரேஷ் கேட்டான். அதற்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றார் அவர். கடைசிப் பெட்டியில் கிறிஸ்தோப்பர் வாளியை அவனிடம் தள்ளிவிட்டு, அவன் கையால் பரப்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கார் வரை வந்தபோது, சியாமளாவுக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டார். நெஞ்சுக்குள் அந்தப் பழைய முள் குத்தியது. நூற்று இரண்டு என்றான் நரேஷ். அவளை நல்லா ஓய்வெடுக்கச் சொல்லுங்கோ, நான் கேட்டதாகச் சொல்லுங்கோ என்றார்.

வீட்டுப் படியேறும்போது அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? சியாமளா போர்வைக்குள்ளிருந்து பெட்டிகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"கிறிஸ்தோப்பர் காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டார்" என்றான் பிறகு. "நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்."

அவள் முகம் மலர்ந்தது. அவனுக்கு வலித்தது. கஞ்சி கொதித்துவிட்டதா பார்க்கிறேன் என்று சொல்லி, நகக்கண்ணில் மணலோடு சமையலறைக்குப் போனான்.