ஈரக்கை மீது ஒரு புகார்

மனு எழுதுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. வந்தவரை உட்கார வைத்து, அவர் சொல்வதை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, அவராக நினைத்துக்கொண்டது. மூன்றாவதை மனுவில் சேர்க்கமாட்டேன். பதினான்கு வருடமாக இப்படித்தான். தென்காசி தனி மாவட்டமான பிறகு, கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும் வழியில் உமா மகேஸ்வரியின் ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள், அன்று மதியம் வரை தலை நிமிர முடியாது. மற்ற நாட்களில் நேரம் நிறைய இருக்கும். அந்த நேரத்தில் கேம் ஆடுவேன்.

போனில் ஆடுவது. ‘ஃபைவ் ஃபோர்ட்ஸ்’ என்று பெயர். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். கவசக்காரன், வில்லாளி, வைத்தியன் என்று விருப்பப்பட்ட ஆளை எடுத்துக்கொள்ளலாம். நான் எடுப்பது நிஞ்சா. நேருக்கு நேர் நின்றால் நிஞ்சா இரண்டு அடிக்குத் தாங்காது. ஆனால் சுவரில் ஏறும், கூரை விட்டுக் கூரை தாவும், மூன்று விநாடி அசையாமல் இருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. எதிரியின் பின்னால் போய், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரே குத்து. எந்த வாசலில் நிற்கிறவன் எத்தனை விநாடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான் என்று டைரியில் குறித்து வைத்து ஆடுகிற ஆள் நான்.

“நாப்பத்திரண்டு வயசுல மூஞ்சியில கறுப்புத்துணி கட்டிக்கிட்டு செவத்துல ஏறுதீய அண்ணாச்சி. வீட்டுல மச்சுப்படி ஏறச் சொன்னா முட்டி வலிக்குன்னு சொல்லுதீயளாம்” என்பாள் உமா.

தெற்கு மண்டலப் பட்டியலில், நிஞ்சாக்களில் முதலிடம் ஏழு மாதமாக என்னுடையதாக இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வேன்.

ஏப்ரலில் ‘ஈரக்கை’ என்ற பெயரில் ஒருவன் வந்தான். அவனும் நிஞ்சாதான். தாவி, தாவிய இடத்திலேயே திரும்பி, புகைக்குண்டு போட்டு, குத்துவான். நான்கு பொத்தான். ஒரு விநாடிக்குள் முடித்துவிடுவான். நான் ஸ்டாப்வாட்ச் வைத்து முயன்று பார்த்தேன். எனக்கு ஒன்றே முக்கால் விநாடிக்குக் குறையவில்லை. முதலிடம் அவனிடம் போனது. மே மாதம் மட்டும் என்னைப் பதினொரு முறை குத்தினான். பதினோராவது முறைதான் பொறுக்க முடியாமல் போனது. என் பின்னால் வந்து நின்றவன் உடனே குத்தவில்லை. நின்றான். இரண்டு விநாடி, மூன்று விநாடி. பிறகு குத்தினான். சாவதற்கு முன் என்னைக் காக்க வைத்து வேடிக்கை பார்க்கிறான் என்று நினைத்தேன்.

நினைத்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அதைக் கண்ணால் கண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

மே இருபத்தெட்டு அன்று அந்த நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். தமிழிலும் எழுதலாம் என்று போட்டிருந்தார்கள். பொருள், தேதி, நேரம், இணைப்பாக எட்டுப் படங்கள். மனிதக் கட்டைவிரலால் இந்த வேகம் இயலாது, இவர் மோசடி மென்பொருள் பயன்படுத்துகிறார் என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது வலு போதவில்லை என்று பட்டது. எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த கை. எந்த இடத்தில் மனு இளைத்திருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஆகவே ஏழாவது பத்தியாக ஒன்றைச் சேர்த்தேன். ‘தான் மென்பொருள் உபயோகித்தே ஆடுவதாக மேற்படி நபர் இரு அணியினரும் கேட்கும் பொதுக் குரல் வழியில் கூறியதை நான் என் காதால் கேட்டேன்.’

அவன் குரலை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உமாதான் தட்டச்சு செய்தாள். ஒரு வாரத்தில் பட்டியலிலிருந்து ஈரக்கை காணாமல் போனான். முதலிடத்தில் மறுபடி நான்.

ஜூன் பதினாறு, திங்கட்கிழமை, சாரல் விழுந்துகொண்டிருந்தது. மனுக் கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். லுங்கி, தோளில் துண்டு, பக்கத்தில் வந்ததும் நல்லெண்ணெய் வாசம்.

“அண்ணாச்சி, நான் இசக்கிமணி. குத்தாலத்துல பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்க்கிறேன். நீங்க எழுதுனா காரியம் நடக்கும்னாவ.”

“சீசன் நேரத்துல வேலைய விட்டுட்டு வந்திருக்கீயளே. பட்டாவா, பென்ஷனா?”

“சிரிக்கக்கூடாது. ஒரு கேம் விஷயம்.”

அவர் போனை நீட்டினார். நிறுவனத்தின் அறிவிப்பு. கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது. காரணம், விரிவான புகார் மற்றும் பயனரின் சொந்த ஒப்புதல். மேலே பெயர் இருந்தது. ஈரக்கை.

அதற்குமேல் நான் போனைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த கட்டைவிரலைப் பார்த்தேன். நுனி அகன்று, நகம் தேய்ந்து, அடிப்பகுதி மரக்கட்டை மாதிரி தடித்திருந்தது. பல வருடம் ஆட்களின் முதுகில் ஓடிய விரல்.

“சொந்த ஒப்புதல்னு போட்டிருக்கான். பொதுவுல நான் மைக்கே போடமாட்டேன் அண்ணாச்சி. எங்க டீமுக்குள்ள தம்பிகிட்ட மட்டுந்தான் பேசுவேன்” என்றார்.

தம்பி பெயர் தேவா. ராணுவத்தில், ராஜஸ்தான் பக்கம் இருக்கிறான்.

“போன் போட்டா, சாப்பிட்டியா, மழை உண்டான்னு கேட்டு ரெண்டு நிமிசத்துல வச்சிருவான். கேம்ல வந்துட்டா ஒரு மணி நேரம் பேசுவான். ஆளு எங்கன நிக்கான், எப்படிப் போகணும்னு ஆரம்பிச்சு, அவன் ஆபீசர் ஏசுனது, பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாம் அதுலதான் வரும். அவன் கவசக்காரன். முன்னால அவன் போவான், பின்னால நான். இப்பம் என்ன சொல்லுதான் தெரியுமா? களவாணித்தனம் பண்ணித்தான் எனக்கு இத்தன நாளு ஜெயிச்சுக் குடுத்தியா, மூஞ்சியில முழிக்காதலேங்கான். அண்ணங்கிட்ட பேசுத பேச்சா அது?”

“புகார் குடுத்தது யாருன்னு தெரியுமா?” என் வாய் கேட்டுவிட்டது.

“பேரச் சொல்லமாட்டாங்களாம். தெரிஞ்சா அடிக்கவா போறேன். எதப் பாத்துச் சொன்னேன்னு ஒரு வார்த்தை கேப்பேன்.”

நான் எழுதத் தொடங்கினேன். வழக்கம்போல் மூன்றாகப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. அவர் சொன்னதெல்லாம் முதல் வகை. எழுதும்போது, தெரிந்தாக வேண்டும் என்பதற்காக ஒன்று கேட்டேன். “சில நேரம் குத்துறதுக்கு முன்னால ரெண்டு மூணு விநாடி நிப்பீங்களோ?”

அவர் முகம் மலர்ந்தது. “நீங்களும் ஆடுவீயளா? கையில எண்ணெய் இருக்கும்லா, திரை வழுக்கும். கைலியில தொடச்சிட்டுக் குத்துவேன். அதுக்குள்ள அவன் திரும்பிட்டான்னா என் கத முடிஞ்சுது. அதான் அந்தப் பேரு.”

மனுவை முடித்து அனுப்பிக் கொடுத்தேன். அவர் சாரலில் நனைந்துகொண்டே குற்றாலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

உமா கணினியை விட்டுத் திரும்பாமல் சொன்னாள்: “இந்தப் பேர நான் முன்னாலயே ஒருக்கா அடிச்சிருக்கேன் அண்ணாச்சி.”

“ம்.”

“அந்தாளு சொன்னத உங்க காதால கேட்டதா அடிச்சேன். கேட்டியளா?”

நான் பேனாவை மூடித் திறந்தேன்.

“எனக்கென்ன. எழுதுதது நீங்க. அடிக்கதுதான் நான்” என்று அவள் அடுத்த தாளை எடுத்துவிட்டாள்.

அன்று மாலையே நிறுவனத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதுவது எளிது. ஏழாவது பத்திக்கு என்ன எழுதுவது என்பதில்தான் ஒரு மணி நேரம் போயிற்று. ‘பொய் எழுதினேன்’ என்றால் விதிப்படி என் கணக்கு போய்விடும். ஏழு மாத முதலிடம் போய்விடும். கடைசியில் இப்படி எழுதினேன்: ‘பலர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததால், மேற்படி நபர் கூறியதை நான் தவறாகக் கேட்டிருக்கக்கூடும்.’ இந்த வேலையில் அது நல்ல வாக்கியம். யாரையும் குற்றவாளியாக்காத வாக்கியம். அப்போதும் மனசாட்சி உறுத்தியது. ஆள் பிழைத்தால் சரி என்று அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் இசக்கிமணி போன் செய்தார். கணக்கு வந்துவிட்டது என்றும், நான் கட்டாயம் குற்றாலம் வர வேண்டும் என்றும் சொன்னார். நான் மூன்று முறை சாக்குச் சொன்னேன். நான்காவது முறை, “முதுக எங்கிட்ட ஒரு நாளு குடுங்க அண்ணாச்சி. வேற என்ன செய்ய எனக்குத் தெரியும்?” என்றார்.

ஜூலை இரண்டு, புதன்கிழமை காலையில் போனேன். அருவியில் நல்ல தண்ணீர். வரிசையில் நின்ற கூட்டத்தைத் தாண்டி, தகரக் கூரைக்குக் கீழே அவருடைய பலகையில் என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். இடுப்பில் அவர் கொடுத்த துண்டு மட்டும்தான். எண்ணெயைக் காய்ச்சி வைத்திருந்தார். இடப்பக்கத்திலிருந்து தொடங்கினார்.

“இங்கன பாருங்க, இறுகிப் போய்க் கெடக்கு. குனிஞ்சு குனிஞ்சு எழுதுதீயள்லா” என்று இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்தார். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி சந்தோஷப்பட்டிருப்பானே” என்றேன்.

விரல் கொஞ்சம் மெதுவானது. “கணக்கு வந்துட்டு. தம்பிதான் வரல்ல.”

“ஏன்?”

“கம்பெனிக்காரன் அனுப்புன லெட்டர அவனுக்கு அனுப்பி வச்சேன். படிச்சிட்டுக் கேக்கான். புகார் குடுத்தவன் தவறாகக் கேட்டிருக்கக்கூடும்னு போட்டிருக்கு, அப்படின்னா நீ என்னமோ பேசியிருக்க, அத அவன் வேற மாதிரிக் கேட்டிருக்கான். என்ன பேசுன, அதச் சொல்லுங்கான். நான் பேசவேயில்லியே அண்ணாச்சி. பேசாதத என்னன்னு சொல்ல? பட்டாளத்துக்காரன் புத்தி. நெருப்பில்லாம பொகையுமாங்கான். நேத்து முழுக்க ஒத்தைக்குத்தான் ஆடுனேன். முன்னால போக ஆளில்லாம நிஞ்சா என்ன செய்யும்? மூணு தடவ செத்துட்டேன்.”

சிரித்தார். அவர் சிரித்தது முதுகில் தெரிந்தது.

என் நல்ல வாக்கியம். அதை எழுத ஒரு மணி நேரம் எடுத்தேன்.

“இசக்கிமணி” என்றேன். பலகையின் இடுக்கு வழியாக ஈரத் தரையும் அவருடைய பாதங்களும் மட்டும் தெரிந்தன. “அந்தப் புகார எழுதுனது நான்.”

அருவிச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். விரல்கள் நின்றுவிட்டன. கேட்டிருக்கிறது.

“நீங்க பேசுனத நான் கேக்கல்ல. கேட்டதா எழுதுனேன். ரெண்டாவது லெட்டரும் நான்தான். அதுலயும் உண்மையச் சொல்லல்ல.”

விரல்கள் எழுந்துவிட்டன. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மூன்று விநாடிக்கு மேல் இருக்கும். எண்ண முடியவில்லை.

“எதப் பாத்துச் சொன்னீய?”

“ஒண்ணையும் பாக்கல்ல. தோத்துட்டேன். அதான்.”

“எழுந்திரிங்க” என்றார்.

எழுந்து உட்கார்ந்தேன். இடப்பக்கம் மட்டும் எண்ணெய் வழிந்தது. அடுத்த பலகையில் ஆள் தேய்த்துக்கொண்டிருந்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இசக்கிமணி கையைக் கைலியில் துடைத்தார், நிதானமாக, ஒவ்வொரு விரலாக. பிறகு போனை எடுத்தார்.

“தம்பிட்டச் சொல்லுங்க.”

“எழுதித் தந்துருதேன் இசக்கிமணி. கையெழுத்துப் போட்டு, விவரமா, தேதி வாரியா...”

“எழுத வேண்டாம். நீங்க எழுதுனா நல்லா இருக்கும். அதான் பயமா இருக்கு. வாயால சொல்லுங்க.”

தம்பியின் எண்ணை அழுத்திப் போனை என் கையில் கொடுத்தார். மணி அடித்தது. நான் மனதுக்குள் பொருள், பத்தி என்று அடுக்கப் பார்த்தேன். ஒன்றும் அடுக்கில் நிற்கவில்லை.

“சொல்லுல” என்றது மறுமுனை. இளைய குரல். இசக்கிமணிக்கு அடுத்து, அந்த அணியிலிருந்து நான் கேட்ட இரண்டாவது குரல்.

“நான் உங்க அண்ணன் இல்ல தம்பி. தென்காசில மனு எழுதுத வல்லிநாயகம். உங்க அண்ணன் ஒண்ணும் பேசல்ல. எதுவும் பேசவேயில்ல. நான் குரலே கேட்டதில்ல. நான்தான் பொய்... அவரு நல்லா ஆடுவாரு தம்பி, நெசமாவே விரல்லயே ஆடுதாரு, நான் பாத்தேன், இப்பந்தான் பாத்தேன்.”

“நீரு யாருவே?” என்றான்.

மறுபடி பெயரைச் சொன்னேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முதலில் சொன்னதைவிட மோசமாக. முடிந்ததும், “போன அவன்ட்டக் குடும்” என்றான்.

இசக்கிமணி போனை வாங்கிக்கொண்டு கூரையை விட்டு வெளியே போனார். சாரலில், முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் போனுடன் நின்றார். என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. இரண்டு நிமிடம் ஆயிற்று, ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

நான் துண்டோடு பலகையில் உட்கார்ந்திருந்தேன். பாதி முதுகில் எண்ணெய் இருந்தது. அப்படியே போய்க் குளித்துவிடலாமா, அவர் வந்து சொல்லும்வரை இருக்க வேண்டுமா என்று தெரியவில்லை.