நாய்க்குச் சொந்தக்காரர்

அந்தக் காலத்து ப்ராக் ஸ்டுடியோவில் சிரிப்புப் படம் எடுக்கிற ஒவ்வொருவரும் ஒரு வெள்ளை நாய் வைத்திருந்தார்கள். நிஜ நாய் இல்லை. படம் முடிந்ததும் அரசாங்க ஒப்புதல் குழுவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். குழுவில் ஏழு பேர். எதையாவது வெட்டச் சொல்லாமல் எழுந்து போனால் அவர்களுக்கே மனசு கேட்காது. ஆகவே அவர்கள் வெட்டுவதற்கென்றே, கண்ணை உறுத்துகிற மாதிரி ஒரு காட்சியைப் படத்துக்குள் செருகிவிடுவது வழக்கம். குழு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். டைரக்டர் ஒரு மணி நேரம் வாதாடுவார், தலையில் கை வைத்துக்கொள்வார், கடைசியில் விட்டுக்கொடுப்பார். குழு திருப்தியாக வீட்டுக்குப் போகும். மற்றதெல்லாம் தப்பித்துவிடும். அந்தப் பலிகடாக் காட்சிக்குத் தொழிலில் வெள்ளை நாய் என்று பெயர். முந்தின வருஷம் ஒருவர் வைத்த வெள்ளை நாய், மூன்று தாடிக்காரர்கள் ஒரே குளியல் தொட்டியில் உட்கார்ந்து பாடுவது.

1974 இலையுதிர் காலத்தில் டைரக்டர் கூபாட்டுக்குக் கற்பனை வறண்டிருந்தது. அவர் நிஜமாகவே ஒரு வெள்ளை நாயை வைத்துவிட்டார்.

எடிட்டர் ஹெட்விகாவுக்கு நாய் மேல் ஆட்சேபம் இல்லை. அவளுடைய கவலையெல்லாம் மூன்றாவது ரீலில் இருந்த மூன்று நிமிடம் பத்து விநாடி பற்றித்தான். அதில் வோண்ட்ராக் இருந்தார்.

வோண்ட்ராக் ஐந்து வருஷத்துக்கு முன்புவரை நாடே அறிந்த சிரிப்பு நடிகர். சோவியத் டாங்கிகள் ஊருக்குள் வந்த மறுவருஷம், அவை வந்தது சரிதான் என்று எழுதிய ஒரு காகிதத்தை அவர் முன்னால் நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கண்ணாடி கொண்டுவரவில்லையே என்றார். மறுநாள் கண்ணாடியோடு வந்தார், நிதானமாகப் படித்தார், கண்ணாடி இல்லாதபோது இதைவிட நன்றாக இருந்தது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு சலவைக் கூடத்தில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

கூபாட் அவரை ‘துணை நடிகர், ஒரு நாள்’ என்று பேர் இல்லாமல் எழுதி உள்ளே நுழைத்திருந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறவர்கள் சனி ஞாயிறுகளில் சேர்ந்து தங்களுக்கு கராஜ் கட்டிக்கொள்வதுதான் கதை. வோண்ட்ராக்குக்கு சிமெண்ட் கிடங்கின் சாவிக்காரர் வேஷம். ஆட்கள் வந்து சாவி கேட்பார்கள். அவர் ஒரு வேகவைத்த முட்டையை உரிப்பார். அவ்வளவுதான் காட்சி. வசனமே கிடையாது. அதை ஒட்டும்போது ஹெட்விகா சிரிப்புத் தாங்காமல் இரண்டு தடவை எடிட்டிங் மெஷினை நிறுத்த வேண்டியிருந்தது.

குழு ஒப்புக்கொண்ட படத்தில் அந்த முகம் ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும், அடுத்த டைரக்டர் தைரியமாகக் கூப்பிடுவார். ‘போன படத்தில் இருந்தாரே’ என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். கண்டுபிடித்து வெட்டிவிட்டார்கள் என்றால், சாகும்வரை கரிதான். அதனால்தான் நாயை அவர் காட்சிக்கு நேர் முன்னால் வைத்தார்கள். குழு நாயைப் பற்றிக் கோபமாகக் குறிப்பெழுதக் குனியும். மூன்று நிமிடம் குனிந்திருந்தால் போதும்.

“நாய் என்ன பண்ணுது?” என்று கேட்டாள் ஹெட்விகா.

“கராஜ் கமிட்டிக் கூட்டத்துல முதல் வரிசையில உட்கார்ந்திருக்கு. தலைவர் பேசுறாரு. ‘வசந்தத்துக்குள்ள கட்டி முடிப்போம்’னு சொன்னதும் எழுந்து போயிடுது.”

“ஏன் போவுது?”

“அதுக்கு நம்பிக்கை இல்ல.”

“ரொம்ப நல்லா இருக்கு டைரக்டர். நாம ரெண்டு பேரும் வோண்ட்ராக்கோட சேர்ந்து கரி அள்ளலாம்.”

“வெட்டத்தானே போறாங்க! நீ மட்டும் கொஞ்சம் மோசமா ஒட்டிக் குடு தாயி. சிரிப்பு வரக் கூடாது. எரிச்சல்தான் வரணும்.”

ஹெட்விகா மோசமாக ஒட்டினாள். தலைவர் வாயை மூடுவதற்குள்ளேயே நாய் எழுந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டுக்குப் போனாள். தட்டில் வைத்த மாவு உருண்டையும் முட்டைக்கோசும் அப்படியே ஆறின. இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறவள். வேண்டுமென்றே கோணலாகத் தைத்த சட்டையை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்ட தையல்காரியின் அவஸ்தை. மறுநாள் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, பதினொரு பிரேம் சேர்த்தாள். அரை விநாடிகூட இல்லை. இப்போது தலைவர் சொல்கிறார், நாய் கேட்கிறது, யோசிக்கிறது, பிறகு எழுந்து போகிறது.

அவள் செய்த தப்பு இந்தப் பதினொரு பிரேம்தான்.

பத்து மணிக்குக் குழு வந்து உட்கார்ந்தது. உருளைக்கிழங்கு சாலட் தடவி ஹாம் சுருட்டி வைத்த ரொட்டித் துண்டுகள் வந்தன, காபி வந்தது. குழுத் தலைவர் தோழர் செட்லாக் ஒன்பது வருஷமாகச் சிரிப்புப் படங்களுக்கு ஒப்புதல் கொடுக்கிறவர். இதுவரை சிரித்ததில்லை. பல் காரணம் என்று சிலர் சொன்னார்கள்.

மூன்றாவது ரீலில் நாய் எழுந்து போனது. தோழர் ஹோலுபோவா என்ற அம்மாளின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் கையிலிருந்த ஹாம் மடியில் விழுந்தது. அடுத்த விநாடி ஏழு பேரில் ஆறு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடப் பேனாவைத் தொடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் திரையையே ஆர்வமாகப் பார்க்க, வோண்ட்ராக் வந்து முட்டையை உரிக்கத் தொடங்கினார்.

ஹெட்விகா தன் நகத்தால் தன் உள்ளங்கையையே கிள்ளிக்கொண்டாள்.

விளக்கு எரிந்ததும் செட்லாக் தொண்டையைச் செருமினார். “தோழர் கூபாட், அந்த நாய்...”

கூபாட் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தார். துள்ளி எழுந்தார். “தோழரே! அந்த நாய் இல்லாம இந்தப் படமே இல்ல! என் கழுத்துல கத்தி வெச்சாலும் சரி...”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.”

கூபாட்டின் கை அந்தரத்தில் நின்றது.

“நாய் பத்தாது,” என்றார் ஹோலுபோவா. “வர்றதும் தெரியல, போறதும் தெரியல. இன்னும் நாலஞ்சு இடத்துல வரட்டும்.”

“கூட்டம் முடியறதுக்குள்ள எழுந்து போறதுதான் கொஞ்சம்...” என்று இழுத்தார் ஒரு மெலிந்த உறுப்பினர்.

“கட்டி முடிப்போம்னு தலைவர் சொல்லிட்டாரு. அது வேலைக்குப் போவுது,” என்றார் ஹோலுபோவா.

மெலிந்தவர் அதை எழுதிக்கொண்டார். நாய் வேலைக்குப் போகிறது.

“அந்த ரீலை இன்னொரு தடவை போடுங்க,” என்றார் செட்லாக்.

போட்டார்கள். நாய் வேலைக்குப் போனது. வோண்ட்ராக் முட்டையை எடுத்தார்.

“நிறுத்துங்க. யாரு இந்த ஆளு?”

கூபாட் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை. ஹெட்விகா எழுந்து நின்றாள்.

“நாய்க்குச் சொந்தக்காரர், தோழரே.”

“நடிகர் இல்லையா?”

“சலவைக் கூடத்துல கரி அள்ளுறாரு.” இது உண்மை.

“அப்புறம் படத்துல எதுக்கு?”

“அவர் பக்கத்துல இல்லன்னா நாய் நடிக்காது.”

“நாய் வர்ற இடத்துல இவர் இல்லையே?”

“கேமராவுக்குப் பின்னால நின்னுட்டிருந்தாரு. வந்த மனுஷனைச் சும்மா நிக்க வைக்க வேண்டாமேன்னு...”

செட்லாக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருந்த மாதிரி தெரியவில்லை. “நாய் இன்னும் வேணும்கிறது குழுவோட முடிவு. சொந்தக்காரர் வந்தாத்தான் நாய் வரும்னா, அவரும் வரட்டும். டைட்டில்ல அவர் பேரு வேண்டாம். நாய் பேரு என்ன?”

“அசோர்.”

“அதைப் போடுங்க.”

“நானும் ஷூட்டிங்குக்கு வரப்போறேன்,” என்றார் ஹோலுபோவா. “எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. இதுகிட்ட பேசிப் பார்க்கணும்.”

அசோர் உண்மையில் ஸ்டுடியோ வாசல் காவலாளி பெஷெக்கின் நாய். வோண்ட்ராக்கை அது பார்த்ததே இல்லை.

அன்று மத்தியானமே ஹெட்விகா சலவைக் கூடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். வோண்ட்ராக் கரி வாரியைக் கீழே வைக்கவில்லை.

“நாய் பேரு வரும். என் பேரு வராது.”

“ஆமா.”

“நாயைக் கையெழுத்துப் போடச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அது அதிர்ஷ்டக்கார நாய்.” இரண்டு வாரி அள்ளிப் போட்டார். “எனக்கு மொத்தம் எத்தனை நிமிஷம்?”

“பதினொண்ணு ஆகும்.”

“பதினொண்ணா! அடியே, ஹீரோவா நடிச்சப்பவே எனக்கு ஒன்பது நிமிஷம்தான் சிரிச்சாங்க. நாய் எங்க இருக்கு?”

பெஷெக் நாயைக் கொடுத்தார், ஆனால் நம்பிக்கை கொடுக்கவில்லை. “இவனுக்கு நடிகருங்களைக் கண்டாலே ஆகாது சார். போன மாசம் ஒரு நடிகரோட காரைப் பார்த்துட்டுக் காலைத் தூக்கிட்டான்.”

“நான் இப்ப நடிகன் இல்லியே.”

“அது உங்களுக்குத் தெரியும். அவனுக்கு யாரு சொல்றது?”

ஐந்து நாள் வோண்ட்ராக் நாயோடு பழகினார். ஈரல் சாசேஜ் கொடுத்தார், தின்றது. தின்றுவிட்டு பெஷெக்கிடம் போய் உட்கார்ந்துகொண்டது. ஆற்றங்கரையில் நடக்கக் கூட்டிப்போனார். நடந்தது, அவரைத் தெரியாதது மாதிரி.

செவ்வாய்க்கிழமை காலை ஹோலுபோவா நல்ல தொப்பி ஒன்று போட்டுக்கொண்டு வந்து, கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னார். முற்றத்தின் ஒரு கோடியில் அசோர் படுத்திருந்தது. மறு கோடியில், கிடங்கு வாசலில், வோண்ட்ராக். பெஷெக்கை மோப்பத்துக்கு எட்டாத தூரத்தில், கேன்டீனில் பூட்டி வைத்திருந்தார்கள்.

“எங்கே, உங்க நாயைக் கூப்பிடுங்க,” என்றார் ஹோலுபோவா.

“அசோர்!” என்றார் வோண்ட்ராக்.

நாய் வாலைக்கூட அசைக்கவில்லை.

“அசோர், இங்க வாடா!”

நாய் மறுபக்கம் திரும்பிப் படுத்தது. ஹோலுபோவாவின் புருவம் மெல்ல மேலே போய்த் தொப்பிக்கு அடியில் மறைந்தது. கேமராக்காரர் தன் ஷூவைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமையே குழு கூடும், மூன்றாவது ரீல் வெளியே போகும் என்று ஹெட்விகா மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள்.

வோண்ட்ராக் மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. சேவகன் மணிச் சத்தத்தைக் காதில் வாங்காமல் விட்டுவிட்டுத் திடுக்கிடுவானே, அந்த மாதிரி. அவசரமாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, முற்றம் முழுக்க ஓட்டமும் நடையுமாக நாயிடம் போனார். அதன் எதிரில் குந்தி உட்கார்ந்து, காதை அதன் வாய்ப் பக்கம் கொண்டுபோனார். தலையை ஆட்டினார். எழுந்து, ஹோலுபோவாவைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்:

“மன்னிக்கணும் தோழர். எங்க வழக்கத்துல அது கூப்பிடும், நான் போவேன். வெளி ஆளுங்க முன்னாடி கௌரவத்துக்கு மாத்திப் பார்த்தேன். அதுக்குக் கோபம் வந்துடுச்சு.”

பிறகு ஹோலுபோவாவின் மூக்கிலிருந்து அந்தச் சத்தம் மறுபடி வந்தது.

“அச்சு அசல் எங்க வீட்டுக்காரர்!” என்றார். வீட்டில் இருக்கிற அந்த ஒன்று நாய்தானா என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை.

கூபாட் மெதுவாக, “கேமரா ஓடிச்சா?” என்று கேட்டார். ஓடியிருந்தது. படத்தில் வேறு எதையும் விட அந்தத் துண்டை ஒட்டத்தான் ஹெட்விகாவுக்கு அதிக நாள் பிடித்தது, எந்த இடத்திலும் வெட்ட மனசு வராமல்.

இரண்டாவது தடவை குழு பத்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டது. ஹோலுபோவா பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். செட்லாக் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி இரண்டாவது வாரம் முதல் காட்சி. தியேட்டர் நிரம்பியிருந்தது. வோண்ட்ராக் வரவில்லை, அவருக்கு ஷிஃப்ட் இருந்தது. டைட்டிலில் அசோரின் பெயர் தனி வரியில் வந்தது. ஹெட்விகாவுக்குப் பக்கத்து இருக்கையில் செட்லாக், தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது ரீலில் நாய் எழுந்து போனது. அரங்கம் குலுங்கியது. சிரிப்பு அடங்குவதற்குள் கிடங்கு வாசல் வந்தது, வாசலில் அந்த முகம் வந்தது.

சிரிப்பு பட்டென்று நின்றுபோனது. எழுநூறு பேர் இருந்த இடத்தில் புரொஜெக்டரின் ஓட்டம் மட்டும் கேட்டது. பிறகு பால்கனியில் யாரோ கை தட்டினார்கள். ஒரே ஒருவர். அப்புறம் நாலு பேர். அப்புறம் கீழே, இடது பக்கம், கடைசி வரிசை, எல்லாப் பக்கமும். யாரும் விசிலடிக்கவில்லை, பெயர் சொல்லிக் கத்தவில்லை. தட்டினார்கள், நிறுத்தாமல். முட்டை உரிந்து முடிந்து அடுத்த காட்சியின் முதல் இரண்டு வசனங்களும் யாருக்கும் கேட்காமல் போயின. அந்த இடத்தில் இன்னும் இருபது விநாடி விட்டிருக்கலாம் என்று ஹெட்விகா பழக்க தோஷத்தில் நினைத்தாள். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடியும் கிடைக்கவில்லை.

செட்லாக் அவள் பக்கம் சாய்ந்தார்.

“எதுக்குத் தட்டுறாங்க?”

“நாய்க்கு, தோழரே.”

திரையில் நாய் இல்லை. செட்லாக் திரையைப் பார்த்தார்.

“நாய்க்குன்னா தட்டலாம்,” என்றார். தொப்பியைக் காலுக்கடியில் வைத்துவிட்டு அவரும் தட்டத் தொடங்கினார். தட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

“மார்ச்சுல இன்னொரு சிரிப்புப் படம் ஆரம்பிக்கிறாங்க. கதையைப் படிச்சேன். ஒண்ணு குறையுது, ஒரு நாயைச் சேருங்கன்னு எழுதி அனுப்பியிருக்கேன்.”